உயில் கேள்வி-பதில்: அந்தச் சாட்சிகள் இப்போது எங்கே?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: “அப்பா எழுதிய உயில் செல்லுமா?” எந்த மதம், என்ன சொத்து, எப்போது எழுதியது, எழுதியவர் இருக்கிறாரா போய்விட்டாரா, எதுவும் கிடையாது. நான் சோழி உருட்டுபவன் அல்ல. விவரம் எழுதியவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

மாமா வெள்ளைத்தாளில் தன் கைப்பட நீல மையில் எழுதிய உயில் செல்லுமா? முத்திரைத்தாள் இல்லை, பதிவும் இல்லை. (ஈரோடு)

செல்லும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் கையொப்பமிட்டிருக்க வேண்டும். அவர் கையொப்பமிட்டதைக் கண்ணால் பார்த்த, அல்லது “இது என் கையொப்பம்தான்” என்று அவர் சொல்லக் கேட்ட இரண்டு பேர், அவர் முன்னிலையில் சாட்சிக் கையொப்பம் போட்டிருக்க வேண்டும். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்பது இவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் தாளின் நிறம் இருக்கிறது, மையின் நிறம் இருக்கிறது. சாட்சிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பாட்டி 2009இல் பதிவு செய்த உயில் ஒன்று, 2017இல் பதிவு செய்யாமல் எழுதிய உயில் ஒன்று. எது நிற்கும்? (திருநெல்வேலி)

கடைசி உயிலே உயில். பதிவு செய்த உயிலைப் பதிவு செய்யாத உயில் ரத்து செய்யும். ஆனால் 2017 உயிலைக் காட்டுபவர் அதை முறையாக நிரூபித்தாக வேண்டும். எழுதும்போது பாட்டியின் நிலை என்ன, காகிதம் யார் கையிலிருந்து வெளியே வந்தது, அதிகப் பங்கு பெறுபவர்தான் எழுத்தரை வீட்டுக்கு அழைத்து வந்தாரா என்றெல்லாம் நீதிமன்றம் துருவும். சந்தேகத்தைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு உயிலை நீட்டுபவருடையது. 1959இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் மாறவில்லை.

அப்பாவின் உயில் முறையாகப் பதிவானது. அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தம்பி வழக்குப் போட்டிருக்கிறான். சாட்சிகளை அழைத்து வரச் சொல்கிறார் எங்கள் வழக்கறிஞர். பதிவான உயிலுக்குச் சாட்சி எதற்கு? அந்த இருவரும் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. (திருவாரூர்)

இதே கேள்வியை முப்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் உரக்கவே பேசுவேன்.

கிரயப் பத்திரமோ தானப் பத்திரமோ பதிவாகியிருந்தால், எழுதிக்கொடுத்தவர் மறுக்காதவரை சாட்சியைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. அந்தச் சலுகையைச் சட்டம் உயிலுக்கு மட்டும் வெளிப்படையாக மறுத்திருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 68ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 67. எண்தான் மாறியது. மற்றப் பத்திரங்களை எழுதியவர் பெரும்பாலும் உயிரோடு இருந்து பதில் சொல்வார். உயில் எழுதியவர் அது பேசத் தொடங்கும்போது இருக்க மாட்டார். அவருக்குப் பதிலாகப் பேசத்தான் அந்த இரண்டு பேர். ஒருவராவது உயிருடன் நீதிமன்ற அழைப்புக்கு எட்டும் நிலையில் இருந்தால், அவரை விசாரித்தே தீர வேண்டும்.

ஆனால் நம் ஊரில் சாட்சி எப்படிப் பிடிக்கிறார்கள்? பதிவு அலுவலக வாசலில் வேறு வேலையாக வந்து நிற்பவர், எழுத்தரின் உதவியாளர், எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பவர். “அண்ணே, ஒரு கையெழுத்து.” அவரும் போட்டுவிட்டுப் போகிறார். இருபது வருடம் கழித்து, கதவு எண்கூட இல்லாத ஒரு முகவரியை வைத்துக்கொண்டு பிள்ளைகள் தெருத்தெருவாக அலைகிறார்கள். இன்னொரு வகையினர் மரியாதை கருதித் தங்களைவிடப் பத்து வயது மூத்தவர்களைச் சாட்சியாக வைப்பார்கள். எழுபத்தைந்து வயதுக்காரரின் உயிலுக்கு எண்பத்தைந்து வயதுச் சாட்சி! இவர் போவதற்குள் அவர் போயிருப்பார்.

சாட்சி கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? நான் நடத்திய ஒரு வழக்கில் சாட்சி தேடிப் பிடிக்கப்பட்டார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். “பெரியவர் கையொப்பமிட்டதைப் பார்த்தீர்களா?” என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். “இல்லை ஐயா, அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். நான் வெளியே மேசையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்” என்றார் இவர். இன்னொரு சாட்சி ஏற்கெனவே இறந்துவிட்டார். அந்த இரண்டு வாக்கியத்தில் உயில் விழுந்தது. முத்திரை, புகைப்படம், பெருவிரல் ரேகை எல்லாம் தாளில் அப்படியே இருந்தன.

பதிவு ஒரு பலம்தான். தேதியையும், இன்னார்தான் வந்து நின்றார் என்பதையும் அது காட்டும். சாட்சியின் இடத்தை அது நிரப்பாது. சார்பதிவாளர் முன் உங்கள் அப்பாவை அடையாளம் காட்டியவர்கள் வேறு, உயிலில் சாட்சிக் கையொப்பம் இட்டவர்கள் வேறு; சில நேரம் அதே ஆட்களாக இருப்பார்கள், அவ்வளவே. இரண்டையும் குழப்பிக்கொண்டு வராதீர்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: உயிலைத் தயாரித்த எழுத்தரின் பெயரும் உரிம எண்ணும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அவரைப் பிடியுங்கள், சாட்சிகளை அவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு சாட்சிகளும் இல்லை, தேடியும் கிடைக்கவில்லை என்றால், அதை நீதிமன்றத்தில் காட்டிவிட்டு, சாட்சி ஒருவருடைய கையெழுத்தையும் உங்கள் அப்பாவின் கையொப்பத்தையும் தெரிந்தவர்களை வைத்து நிரூபிக்கலாம். முப்பது ஆண்டுப் பழைய ஆவணம், தானாகவே ஏற்கப்படும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த அனுமானமும் உயிலுக்குக் கிடையாது.

உங்கள் தலைமுறையாவது, உங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவராக, ஊரில் நிலையாக இருப்பவராக, பங்கில் சம்பந்தமில்லாதவராக இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப மருத்துவர் ஒருவராக இருந்தால் சுயநினைவு பற்றிய கேள்விக்கும் சேர்த்து அவரே பதில் சொல்வார்.

அப்பா உயிலில் சின்ன அண்ணனுக்கு வீட்டை எழுதியிருக்கிறார். அண்ணியே ஒரு சாட்சி. நாங்கள் கிறிஸ்தவர்கள். (பாளையங்கோட்டை)

மதத்தை எழுதியதற்கு நன்றி, பதில் அதில்தான் இருக்கிறது. உங்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 67ஆம் பிரிவு பொருந்தும்: சாட்சிக்கோ சாட்சியின் கணவன், மனைவிக்கோ கொடுத்தது செல்லாது. உயிலின் மற்றப் பகுதி நிற்கும், அண்ணனுக்கு எழுதிய வீடு மட்டும் அந்த உயிலின் வழியாக அவருக்குப் போகாது. இந்துக்களுக்கு இந்தப் பிரிவு இல்லை, ஆனாலும் சந்தேகத்துக்கு நல்ல தீனி. அப்பா உயிரோடு இருக்கிறாரா என்பதை எழுத மறந்துவிட்டீர்கள். இருந்தால் இன்றைக்கே வேறு சாட்சிகளை வைத்துப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று: கிறிஸ்தவர் ஒருவர் திருமணத்துக்கு முன் எழுதிய உயில், திருமணமானதும் ரத்தாகிவிடும்.

வைப்புத் தொகைக்கு நான்தான் நாமினி. உயிலில் தங்கைக்குப் பாதி என்று இருக்கிறது. வங்கி எனக்குத்தானே தரும்? (சென்னை)

உங்களிடம்தான் தரும். வாங்கி, பாதியைத் தங்கையிடம் கொடுங்கள். நாமினி பணத்தை வாங்கிவைப்பவர், உரிமையாளர் அல்லர்.

தாத்தாவின் நிலம் முழுவதையும் அப்பா அண்ணனுக்கு உயில் எழுதிவிட்டார். எனக்கு 1985இல் திருமணம். பூர்வீகச் சொத்தை உயில் எழுத முடியாதாமே? (திண்டுக்கல்)

பாதிதான் உண்மை. தாத்தாவிடமிருந்து வந்தது எல்லாமே பூர்வீகம் அல்ல. தாத்தா சுயமாகச் சம்பாதித்த நிலம், அவர் 1956க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்து அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச்சொத்து. யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், உங்களுக்கு வருத்தமாக இருந்தாலும். உண்மையிலேயே கூட்டுக்குடும்பச் சொத்து என்றால் அப்பா தன் பங்கை மட்டும் எழுதலாம், உங்கள் பங்கில் கை வைக்க முடியாது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு தந்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த 1989 திருத்தம், அதற்கு முன் திருமணமான மகள்களை ஒதுக்கியது. 2005 மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகம் பிரிந்திருந்தால் மட்டும் கதை வேறு. தாத்தாவின் மூலப் பத்திரத்தைத் தேடிக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். பட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

மனைவிக்கு ஆயுள்கால அனுபவம், விற்கும் உரிமை இல்லை, அவருக்குப் பின் மகனுக்குச் சர்வ சுதந்திர பாத்தியம். இப்படி எழுதலாமா? (கோயம்புத்தூர்)

எழுதலாம், ஆயிரக்கணக்கானோர் எழுதுகிறார்கள். அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14(2) பிரிவு இப்படிப்பட்ட கட்டுப்பாட்டை ஏற்கிறது. ஆனால் மனைவிக்கு ஏற்கெனவே உள்ள ஜீவனாம்ச உரிமைக்காகக் கொடுத்ததென்று ஆகிவிட்டால், 14(1) வந்து அதை முழு உரிமையாக்கிவிடும். 1977இல் துளசம்மா வழக்கில் அப்படித்தான் ஆயிற்று. அதன்பின் தீர்ப்புகள் இரு பக்கமும் இழுக்க, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே இதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. மனைவியின் பராமரிப்புக்குத் தனியாகப் பணமோ வாடகை வருமானமோ ஒதுக்கி, அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, வீட்டைப் பற்றிப் பிறகு எழுதுங்கள். முதலில் அவரிடம் கேட்டீர்களா?

மகனுக்கு வீட்டை உயில் எழுதிப் பதிவு செய்தேன். இப்போது ரத்து செய்யப் போனால் முடியாது என்கிறார்கள். (சேலம்)

நீங்கள் இணைத்த நகலைப் படித்தேன். அது உயிலே அல்ல, செட்டில்மென்ட்; உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிடும் பத்திரம். “இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. உயிலை மூச்சு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம், செட்டில்மென்டைத் தன்னிச்சையாகத் திரும்பப் பெற முடியாது. படிக்காமல் ஒப்பமிட்டதற்கு இதுதான் விலை. மகன் உங்களைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, அவர் கவனிக்கவில்லை என்றால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் வேலை எளிது.

என் வீடு முழுவதையும் கடைசி மகளுக்கு உயில் எழுத முடியுமா? மற்ற இரு மகன்களும் வசதியானவர்கள். (ஆம்பூர், இஸ்லாமியர்)

நீங்கள் சன்னி பிரிவினர் என்றால், மற்ற வாரிசுகள் உங்களுக்குப் பின் சம்மதித்தால் நிற்கும், இல்லாவிட்டால் நிற்காது. மூன்றில் ஒரு பங்கு வரை சம்மதமின்றி எழுதலாம் என்பது வாரிசு அல்லாதவருக்குத்தான், மகள் வாரிசு. உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக (இஸ்லாமியச் சட்டப்படியான தானமாக) கொடுத்து, சுவாதீனத்தையும் ஒப்படைப்பது உங்கள் வழி.

செல்போனில் வீடியோவாகப் பேசி வைத்தால் போதாதா? (புதுச்சேரி)

போதாது. எழுத்து, கையொப்பம், இரண்டு சாட்சி. வீடியோ கூடுதல் ஆதாரமாக உதவலாம்.

உயிலை எழுதி வங்கி லாக்கரில் வைத்திருக்கிறேன். லாக்கர் என் ஒருவர் பெயரில். பாதுகாப்புதானே? (தஞ்சாவூர்)

மிகவும் பாதுகாப்பு; உங்கள் பிள்ளைகளாலும் எடுக்க முடியாது. லாக்கரைத் திறக்க வங்கி வாரிசு ஆவணம் கேட்கும், யாருக்கு என்ன என்ற ஆவணமோ லாக்கருக்குள் இருக்கும். மூலம் கிடைக்காமலே போனால், உங்கள் வசம் இருந்த உயிலை நீங்களே கிழித்துப் போட்டிருப்பீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடும், அதற்குச் சட்டத்தில் இடமும் உண்டு. முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், அல்லது உயிலில் நிறைவேற்றுநராகப் பெயர் எழுதியவரிடம் கொடுங்கள். அப்படியே அந்த இரண்டு சாட்சிகளின் இன்றைய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி உறையோடு வையுங்கள்.