பேய்ப் படம் எடுக்கும்போது பங்களாக் கதவு தானாகத் திறந்தது என்று இயக்குநர்கள் பேட்டியில் சொல்வது உண்மையா?

ராத்திரியில் ஏதோ பேட்டியைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாப் படங்களுக்கும் என்னால் பதில் சொல்ல முடியாது. ஒரே ஒரு கதவைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்வேன். அதைத் திறந்தது நான்.

பேயே கிடையாது என்று வாதாட வரவில்லை. "எங்க பாட்டி ஊர்ல ஒரு வீடு இருக்கு" என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். உங்கள் பாட்டி ஊர் வீட்டுக்குள் நான் போகவே இல்லை.

எங்களுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மரப்பட்டறை. முகூர்த்த மாதத்தில் கல்யாண மேடை, மற்ற நாளில் கதவு, ஜன்னல், கட்டில். தாத்தா மாடர்ன் தியேட்டர்ஸ் பட ஸ்டுடியோவில் செட் ஆசாரியாக இருந்தவர். 1956இல் அங்கே 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வண்ணத்தில் வந்ததே, அதில் "திறந்திடு சீசேம்" என்றதும் திறக்கும் குகைக் கதவில் தன் கை பட்டிருக்கிறது என்பார். நான் அத்தாட்சி கேட்டதில்லை. "மந்திரம் சொல்றவன் முன்னாடி நிப்பான்டா, திறக்கறவன் பின்னாடி நிப்பான்" என்று மட்டும் அடிக்கடி சொல்லுவார்.

சில வருடங்களுக்கு முன் ஏற்காட்டில் ஒரு சின்ன பட்ஜெட் பேய்ப் படம் எடுத்தார்கள். பெயர் வேண்டாம். காபித் தோட்டத்துக்கு நடுவில் பழைய பங்களா, மங்களூர் ஓடு, சிவப்பு சிமெண்டுத் தரை, சுற்றிலும் சில்வர் ஓக். கலை இயக்குநரின் ஆள் என்னைக் கூப்பிட்டு, நடு அறைக் கதவு மெதுவாகத் தானே திறக்க வேண்டும் என்றார். இருந்த கதவோ தேக்கு. மலைக் குளிரில் ஈரம் குடித்து உப்பி, அடிப்பலகை தரையில் இழுத்துக்கொண்டு நின்றது. இரண்டு பேர் தோளைக் கொடுத்தால்தான் அசையும். பேயாக இருந்தாலும் ஆள் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும். இழைக்கலாம் என்றால், சுவரில் ஆணி, கதவில் உளி எதுவும் படக்கூடாது என்று வீட்டுக்காரர் முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிட்டார்.

அதனால் பட்டறையிலேயே ப்ளைவுட்டில் நிலையும் கதவுமாகச் செய்து, தேக்கு நிறம் அடித்து, குட்டியானையில் ஏற்றி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிக் கொண்டுபோனேன். பழைய நிலைக்குள் அதைச் செருகி, ஆணி இல்லாமல் ஆப்பு வைத்தே இறுக்கினோம். அப்புறம்தான் விஷயமே. நிலை வைக்கும்போது தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்போம். நூலுக்கும் கட்டைக்கும் நடுவில் மேலும் கீழும் ஒரே இடைவெளி இருந்தால் கதவு விட்ட இடத்தில் நிற்கும். நான் வேண்டுமென்றே அரை இன்ச் சாய்த்தேன். கீல் இருக்கும் கட்டை, கதவு திறக்கிற திசையில் சாய்ந்துவிட்டால் கதவு தன் எடையிலேயே சரிந்து திறக்கும், தொடவே வேண்டாம். பழைய வீடுகளில் கதவு 'தானாக' திறப்பதும் முக்கால்வாசி இதனால்தான். அஸ்திவாரம் ஒரு பக்கம் அமுங்கி நிலை சாய்ந்திருக்கும், அல்லது வெயிலில் மரம் சுருங்கித் தாழ்ப்பாள் பிடிக்காமல் போயிருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கதவு இருந்தால் பூசாரிக்கு முன்னால் ஓர் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

திறக்கிற கதவை நேரம் வரும்வரை பிடித்துவைக்கத் தூண்டில் நரம்பு. அடிமூலையில் கட்டி, சோபாவுக்குப் பின்னால் நான் குப்புறப் படுத்து, ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்று. 'ஆக்‌ஷன்' என்றதும் இழுக்கக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். இரவு இரண்டு மணி, தரை ஐஸ். ஒரு டேக்கில் புகை மிஷின் நெடியில் தும்மிவிட்டேன். இன்னொன்றில் நிஜப் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிட்டது. அடுத்த டேக்குக்குள் அது போய்விட்டது, அதற்கு ஈடாக மறுபடி புகை போட்டார்கள். ஆறாவது டேக் ஓகே. விரலில் நரம்பு அறுத்த கோடு ஒரு வாரம் இருந்தது. திரையில் கேட்கும் கிரீச் சத்தம்கூட அந்தக் கதவுடையது இல்லை, சென்னையில் பிறகு சேர்த்தது. புதுக் கீலுக்கு நான் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தேன், அது வாயே திறக்காது.

படம் வந்தது. இயக்குநர் ஒரு யூடியூப் பேட்டியில் உட்கார்ந்து, "சத்தியமா யாருமே தொடலங்க, கதவு தானா திறந்துச்சு, யூனிட்டே நடுங்கிடுச்சு" என்றார். டைட்டிலில் என் பெயரும் இல்லை. அதைவிட எரிச்சல், என் அம்மா அந்தப் பேட்டியைப் பார்த்துவிட்டு என்னைக் கோட்டை மாரியம்மன் கோவிலுக்கு இழுத்துப்போய் விபூதி பூசியதுதான். "அம்மா, அது நான்தான்" என்றேன். "டைரக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்றார்.

விளம்பரம் அவர்கள் பிழைப்பு, புரிகிறது. ஆனால் வேலையைச் சொன்னாலும் ஜனங்கள் ஆவென்று கேட்பார்களே! 1963இல் ராபர்ட் வைஸ் எடுத்த 'தி ஹாண்டிங்' படத்தில் பேயைக் கடைசிவரை காட்டவே மாட்டார்கள். ஒரு பெரிய கதவு மூச்சு விடுவதுபோல் உள்ளே புடைத்து வரும், அவ்வளவுதான். மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்த கதவு, பின்னால் ஓர் ஆள் நின்று தள்ளினார். வீட்டின் வெளிப்புறம் இங்கிலாந்தில் வார்விக்‌ஷயர் பக்கம் ஒரு நிஜ மாளிகை, உள்ளே நடப்பதெல்லாம் போரம்வுட் ஸ்டுடியோவில் போட்ட செட். இதெல்லாம் தெரிந்த பிறகுதான் நான் பார்த்தேன். அப்படியும் பயந்தேன்.

பெயர் போடாதது திரையில் மட்டும் இல்லை. கல்யாண மேடைக்கு ராத்திரி முழுக்க வேலை செய்வோம், காலையில் போட்டோகிராபர் பெயர் ஆல்பத்தில் தங்க எழுத்தில் இருக்கும். செல்போனில் யாரோ கோடீஸ்வரர் வீட்டு மேடையைக் காட்டி, "இதே மாதிரி, பாதி ரேட்டுக்கு" என்று கேட்பவர்களைப் பற்றித் தனிப் பதிலே எழுதலாம். சரி, விடுங்கள்.

படக்காரர்கள் கடைசித் தவணையும் தரவில்லை. இரண்டு மாதம் போன் செய்து பார்த்துவிட்டு, நிலையோடு கதவைக் கழற்றி எடுத்துவந்துவிட்டேன். இப்போது அது எங்கள் பட்டறைக் கழிப்பறைக்கு இருக்கிறது. அந்த அரை இன்ச்சை இன்னும் சரிசெய்யவில்லை. தாழ்ப்பாளும் வைக்கவில்லை. உள்ளே போகிறவர்கள் ஒரு காலை நீட்டிக் கதவை அணைத்துப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.