கட்டியங்காரன் பேசும்போது மத்தளம் நிற்கும்

அண்ணா, வணக்கம். காட்பாடியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து பங்க் ராக் குழு நடத்துகிறோம். ஒன்பது பாட்டு, மொத்தம் 22 நிமிஷம், புது ஆல்பம் முடித்துவிட்டோம். இணைப்பில் இருக்கிறது. சாவு, ஆஸ்பத்திரி, கடன், பாலாறு என்று எல்லாமே கறுப்பு நகைச்சுவை. ஐந்தாவது பாட்டைக் கேட்ட அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். தாத்தா போன வருஷம்தான் தவறினார். "சாவுல என்னடா சிரிப்பு?" என்கிறார். இது நம் மண்ணுக்கு ஒட்டாது என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் பாடச் சொல்பவர்களும் உண்டு. அந்தப் பாட்டை எடுத்துவிடலாமா?
— ஒரு வாசகர், காட்பாடி

அன்புள்ள தம்பி,

எடுக்க வேண்டாம். ஆங்கிலப் பேச்சையும் விடுங்கள். கோபம் தமிழில் வருகிறவர்கள் தமிழில்தான் பாட வேண்டும்.

மண்ணுக்கு ஒட்டாதாமா? தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று தன்னையே சொல்லிச் சிரித்த ஊர் வேலூர். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு லிங்கம் திரும்பியதோடு மூன்றாவது செல்லாமல் போய்விட்டது. முதலாவது வருஷத்தில் பெரும்பாலான மாதம் இன்னும் செல்லுபடிதான். உங்கள் ஏழாவது பாட்டே அதைத்தானே பாடுகிறது?

எனக்குக் கொஞ்ச நாளாகவே வேறொரு ஆதங்கம். தமிழில் ராக் பாடுகிற பிள்ளைகள் உயிரைக் கொடுத்து எழுதுகிறார்கள், எழுதியது காதில் விழுவதில்லை. உங்கள் ஐந்தாவது பாட்டு இதற்கு நல்ல உதாரணம். பாட்டின் உயிர் ஒரே வரியில் இருக்கிறது: "டோக்கன் வந்துச்சு, தாத்தா போய்ட்டாரு." அருமையான வரி. கோபமெல்லாம் ஆஸ்பத்திரி வரிசையின் மேல், கிழவர் மேல் துளியும் இல்லை. ஆனால் உங்கள் பதிவில் "டோக்கன் வந்துச்சு" கிடாருக்குள் மூழ்கிவிட்டது. "தாத்தா போய்ட்டாரு" மட்டும் கேட்கிறது, உடனே நாலு பேரும் "ஹேய் ஹேய்" என்று கத்துகிறீர்கள். அம்மா காதில் விழுந்தது அவ்வளவுதான். அப்பனைப் பறிகொடுத்தவர் வேறு என்ன செய்வார்?

செய்யாறு பக்கம் புரிசையில் போய் ஒரு ராத்திரி கூத்துப் பாருங்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வாயைத் திறந்ததும் மத்தளமும் தாளமும் அடங்கிவிடும். ஆர்மோனியம் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். அவன் சொல்லி முடித்து, கூட்டம் சிரித்து ஓய்ந்த பிறகுதான் மறுபடி அடி விழும். பாட்டு வரிகளைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள், கடைசியில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் போய்ச் சேரும். மைக் வருவதற்கு முன்பே தீர்த்துவைத்த பிரச்சினை இது. நீங்கள் கையில் மைக்கை வைத்துக்கொண்டு தோற்கிறீர்கள்!

முதலில் வேகம். இந்தப் பாட்டு 190 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 190 தட்டு. நாலு தட்டு சேர்ந்த ஒரு முழு பார் 1.26 விநாடி. "டோக்கன் வந்துச்சு" என்ற ஐந்து அசையை அரை பாரில், 0.63 விநாடிக்குள் திணித்திருக்கிறீர்கள். ஒற்றெழுத்து நிறைந்த சொற்கள் அந்த வேகத்தில் நசுங்கிப்போகும், நெடிலும் குறிலாகிவிடும். பாட்டு முழுவதையும் மெதுவாக்க வேண்டாம். அந்தச் சொற்களுக்கு மட்டும் முழு பார் கொடுங்கள், போதும்.

அடுத்தது கிடார். மெய்யெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. டிஸ்டார்ஷன் போட்டுக் கரகரப்பாக்கிய கிடார் வந்து குந்துவதும் அதே இடத்தில்தான். ஆம்ப்ளிஃபையரில் அந்தக் கரகரப்பைக் கூட்டுகிற கெயின் குமிழை முழுக்கத் திருப்பினால் ஏற்ற இறக்கமே இல்லாமல் சத்தம் சுவராகிவிடும், குரல் நுழைய இடுக்கு இருக்காது. பாதிக்கு இறக்குங்கள். கனம் வேண்டுமென்றால் ஒரே பகுதியை இரண்டு தடவை வாசித்து ஒன்றை இடப்பக்கமும் இன்னொன்றை வலப்பக்கமும் தள்ளுங்கள். இரண்டிலும் 3000 ஹெர்ட்ஸை ஒட்டி 3 டெசிபல் குறையுங்கள். ராமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் குழுவின் 1976 முதல் ஆல்பத்தில் பேஸ் கிடார் ஒரு பக்கம், கிடார் மறுபக்கம், பாட்டும் டிரம்ஸும் நடுவில் இருக்கும். 14 பாட்டு, 29 நிமிஷம், அத்தனை வேகத்திலும் நடுப்பாதை குரலுக்குத் திறந்தே இருக்கிறது.

குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். மைக்கின் வலைத்தலையைக் கைக்குள் பொத்திப் பிடிக்காதீர்கள், குரல் குடத்துக்குள் போய்விடும், மேடையில் ஃபீட்பேக்கும் கத்தும். "ஹேய் ஹேய்" போகட்டும். அந்த இடத்தில் நாலு பேரும் "டோக்கன் வந்துச்சு" என்று வாங்கிப் பாடுங்கள். அதற்குப் பிறகு எல்லாம் நிற்க வேண்டும், ஒரு முழு பார். டிரம்ஸின் சிம்பல் தட்டைக் கையால் பிடித்து அடக்காவிட்டால் அதன் இரைச்சல் அந்த இடைவெளியைத் தின்றுவிடும்.

நிறுத்தியதும் ஒரு 'ம்ம்ம்' இரைச்சல் வெளியே வரும், அந்த 50 ஹெர்ட்ஸ் கரண்ட் சத்தம். உங்கள் மூன்றாவது பாட்டின் கடைசியில் இப்போதே இருக்கிறது. இதைப் போக்க ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்குகிற பழக்கம் பல ரிகர்சல் அறைகளில் உண்டு. செய்தீர்களானால் உங்களை மன்னிக்கவே மாட்டேன். ஆம்ப்பில் கசிவு இருந்தால் கிடார் கம்பி வரைக்கும் கரண்ட் வரும். கம்பியில் ஒரு கை, மைக்கில் உதடு, சாவதற்கு அது போதும். எல்லா ஆம்ப்பையும் மிக்சரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில், ஒரே பாயின்ட்டில் போடுங்கள். டியூப்லைட்டை அணையுங்கள். இரைச்சலோடு 'கர்ர்' என்று வந்தால் ஃபேன் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். வழவழவென்று திருகும் ரகமானால் வேகத்தை முழுக்க வையுங்கள், இல்லை ஃபேனையே நிறுத்துங்கள். வேலூர் மே மாதத்தில் அது கொடுமைதான், கிடார் கம்பியும் சூட்டில் தளர்ந்து சுருதி இறங்கும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் டியூன் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் முட்டை அட்டை ஒட்டியிருந்தால் கிழித்துப் போடுங்கள், தடிப்பான ரஜாய்களும் தேங்காய் நார் மெத்தைகளும்தான் ஓரளவுக்காவது உறிஞ்சும்.

எட்டாவது பாட்டை மட்டும் தூக்கி எறியுங்கள். வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து வந்து லாட்ஜில் தங்கி, தெரியாத தமிழில் கஞ்சி கேட்கிற அம்மாவின் பேச்சைக் கிண்டல் செய்திருக்கிறீர்கள். எப்படி மனசு வந்தது? கட்டியங்காரன் ராஜாவை நேருக்கு நேராக நின்று கேலி செய்வான். நோயாளிக்குத் துணையாக வந்தவளிடம் வீரம் காட்டுகிறவனுக்குக் கூத்தில் இடமே கிடையாது. அந்த லாட்ஜ் வாடகையைப் பற்றி எழுதுங்கள், முதல் ஆளாக நான் கேட்கிறேன்.

ஐந்தாவதைத் திருத்தியதும் எனக்கு முன்னால் அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். எனக்கு 24 பிட் வேவ் கோப்பாக அனுப்புங்கள். வாட்ஸாப்பில் என்றால் டாக்குமென்ட்டாக, ஆடியோவாக அனுப்பினால் சுருக்கிவிடும்.