சேணம் தைத்தவர் தேடிய நிலம்

கேள்வி: விடுதலையான அடிமைகளுக்காக நிலம் தேடி நாடு நாடாக அலைந்த அமெரிக்கர் ஒருவர் இருந்தாராமே, யார் அவர்?

பதில்: பெஞ்சமின் லண்டி. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். குதிரைச் சேணம் தைப்பது தொழில். இளவயதில் வீலிங் நகரில் தொழில் பழகும்போது, அடிமைகளைச் சங்கிலியில் கோத்துத் தெருவழியே ஓட்டிப்போவதைப் பார்த்தார். அப்புறம் மனிதர் சும்மா இருக்கவில்லை. 1821-ல் அடிமைமுறையை எதிர்த்துப் பத்திரிகை தொடங்கினார். விடுதலையானவர்களைக் குடியேற்ற இடம் தேடி, கறுப்பினத்தவரே ஆண்ட ஹைதித் தீவுநாட்டுக்கு இரண்டு தடவை போனார். முதல் பயணம் முடிந்து திரும்பினால் வீட்டில் மனைவி இல்லை. இவர் வெளியூரில் இருந்தபோதே அந்த அம்மா இறந்துவிட்டார். எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் படிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

கனடாவையும் போய்ப் பார்த்தார். பிறகு டெக்சாஸ். அது அன்று மெக்சிகோவின் கையில். மெக்சிகோ 1829-லேயே அடிமைமுறையை ஒழித்திருந்தது. கையில் காசில்லாமல், வழியில் தோல் வேலை செய்து வயிற்றைக் கழுவினார். கடைசியில் 1835-ல் மெக்சிகோவின் தமௌலிபாஸ் மாநிலத்தில் 1,38,000 ஏக்கர் கிடைத்தது. 250 குடும்பங்களைக் கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. மறுவருடமே பக்கத்து டெக்சாஸ் போர் செய்து மெக்சிகோவிலிருந்து பிரிந்து போனது, அதோடு திட்டமும் போச்சு.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தல்: விடுதலையானவர்கள் பிறந்த மண்ணை விட்டு ஏன் போக வேண்டும்? அன்றைய கறுப்பினத்தவர் பலரும் இதையேதான் கேட்டார்கள்.

1838-ல் பிலடெல்பியாவில் கும்பல் ஒன்று, அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் கட்டிய பென்சில்வேனியா மண்டபத்துக்குத் தீ வைத்தது. லண்டியின் காகிதங்கள் அதற்குள் இருந்தன. அடுத்த வருடம் இறந்தார்.