கிளுவையா, நீலச்சிறகியா? வாசகர் கேள்விகள்

வலசை வாத்துகள் வந்து இறங்கியதிலிருந்து, இந்த இரண்டு சின்ன வாத்துகளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். ஆங்கிலத்தில் கிளுவைக்கு காமன் டீல், நீலச்சிறகிக்கு கார்கேனி என்று பெயர்.

டிசம்பரில் பள்ளிக்கரணையில் பார்த்த கூட்டம் முழுக்க ஒரே பழுப்பு. எது எதுவென்று எப்படிச் சொல்வது?

உடம்பின் பழுப்பை மறந்துவிடுங்கள். அதை வைத்துப் பிரிக்க எனக்கும் வராது. முதலில் முகத்தைப் பாருங்கள். பெட்டை நீலச்சிறகியின் முகத்தில் கோடுகள் அழுத்தமாக இருக்கும்: கண்ணுக்கு மேலே வெளிறிய புருவம், கண்ணின் குறுக்கே கருங்கோடு, அதற்குக் கீழே கன்னத்தில் இன்னொரு மங்கலான கருங்கோடு. அலகு தொடங்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டும் இருக்கும், தொண்டையும் வெளுத்திருக்கும். பெட்டைக் கிளுவைக்கு முகம் சாதுவானது. கண்வழியே ஓடும் ஒரு கோட்டைத் தவிரப் பெரிதாக எதுவும் தெரியாது.

அடுத்தது வால். கிளுவையின் வாலடியில், பக்கவாட்டில் ஒரு வெளிர்க்கீற்று ஓடும். என் அனுபவத்தில் தூரத்திலிருந்து கைகொடுப்பது இதுதான். அலகையும் கவனியுங்கள்: நீலச்சிறகிக்குக் கொஞ்சம் நீளம், முழுக்கக் கருஞ்சாம்பல். கிளுவைக்குச் சிறியது, அடியில் பல நேரம் மஞ்சள் கலந்திருக்கும். தலையைச் சிறகுக்குள் செருகித் தூங்கினால் காத்திருங்கள், எழுந்து திரும்பும்.

ஆண் நீலச்சிறகிக்கு வெள்ளைப் புருவம் என்று புத்தகத்தில் இருக்கிறது. அக்டோபரில் ஒன்றுகூட அப்படி இல்லையே?

நீங்கள் பார்த்தது சரிதான். இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் பகட்டான இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெட்டையின் சாயலுக்கு மாறும். கிளுவை ஆண் சீக்கிரமே பழைய கோலத்துக்குத் திரும்பிவிடும். செம்பழுப்புத் தலையும் கண்ணைச் சுற்றிப் பச்சைப் பட்டையும் தெரியத் தொடங்கும். (துணிக்கடையில் ‘டீல்’ என்று சொல்லும் நிறத்துக்குப் பெயர் கொடுத்தது இந்தப் பட்டைதான்.) வாலடியில் மஞ்சள் திட்டும் வந்துவிடும். நீலச்சிறகி ஆண் அவசரப்படாது, குளிர்காலத்தின் பெரும்பகுதி பழுப்பாகவே கழியும். பிப்ரவரி, மார்ச்சில் போய்ப் பாருங்கள். கண்ணுக்கு மேலே தொடங்கிப் பிடரிவரை வளைந்து இறங்கும் அந்த வெள்ளைப் புருவத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. நம் நீர்நிலைகளில் நான் மிகவும் விரும்பிக் காத்திருக்கும் காட்சி அது.

பறக்கும்போது?

எளிது. ஆண் நீலச்சிறகியின் முன்சிறகு வெளிர் நீலச்சாம்பல், பழுப்புக் கோலத்திலும் அது மாறாது. அக்டோபர் கூட்டத்தில் ஆணைக் கண்டுபிடிக்க இதுவே வழி. கிளுவையின் சிறகில் பச்சைத் திட்டுக்கு முன்னால் உள்ள வெள்ளைப் பட்டை அகலம், பின்னால் உள்ளது மெல்லியது. பெட்டை நீலச்சிறகியிடம் பின் விளிம்பு வெள்ளைதான் எடுப்பாகத் தெரியும்.

குரலில் வித்தியாசம் உண்டா?

ஆண்களிடம் நன்றாகவே உண்டு. கிளுவை ஆண் சின்ன மணி போல ‘க்ரிக், க்ரிக்’ என்று சீழ்க்கையடிக்கும். நீலச்சிறகி ஆணின் குரல் காய்ந்த மரத்தில் குச்சியால் உரசினாற்போல் கரகரக்கும்.

பழைய புத்தகத்தில் இரண்டும் அனாஸ் பேரினம். புதியதில் நீலச்சிறகி மட்டும் ஸ்பாட்டுலா. ஏன்?

மரபணு ஆய்வுகளால் வந்த மாற்றம். நீலச்சிறகிக்குக் கிளுவையைவிடத் தட்டைவாயன் (ஆங்கிலத்தில் ஷோவலர்) என்ற வாத்து நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. நீலச்சிறகி, தட்டைவாயன் இரண்டின் ஆண்களுக்கும் முன்சிறகில் நீலம் இருப்பதைப் பாருங்கள்!

எங்கள் ஏரியில் இருப்பவை சின்ன வாத்துகள்தான். ஆனால் மரத்தில் உட்காருகின்றன, விசிலடிக்கின்றன.

அப்படியானால் இரண்டும் இல்லை, சீழ்க்கைச்சிரவி. அது ஊர்ப் பறவை.

படம் மங்கல். எதுவென்று ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிவது?

தென்னிந்தியாவில் நீலச்சிறகிதான் அதிகம் என்பதற்காக அதையே போட்டுவிடாதீர்கள். இனம் குறிக்காமல் ‘வாத்து’ என்று பொதுவாகப் பதியும் வசதி அதில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். தெளிவான படத்துக்காகக் கரையிறங்கிக் கூட்டத்தைக் கலைக்கவும் வேண்டாம். ஐரோப்பாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் பறந்து வந்து இரை தேடிக்கொண்டிருப்பவை அவை. மறுநாள் காலை, வெயில் உங்கள் முதுகுப் பக்கம் விழும் கரையில் போய் உட்காருங்கள்.