குத்தக் குத்தத்தான் உருவம்: கம்பளிப் பொம்மை, துணிப் பொம்மை கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து துணி மிருகங்கள் தைக்கிறேன். கம்பளியை ஊசியால் குத்திப் பொம்மை செய்வதை யாரும் சொல்லித் தரவில்லை, நானாகப் பழகியதுதான். வந்த கேள்விகளில் பலருக்கும் உதவுகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, எங்க ஊர்ச் சொப்புச் சாமான் மரத்தைக் கடைந்து செய்வது, அது புரிகிறது. வெறும் கம்பளியைக் குத்தினால் எப்படி உருவம் நிற்கும்? (அம்பாசமுத்திரம்)

கம்பளி இழையின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. கம்பளியைக் குத்தி இறுக்கவென்றே உள்ள ஃபெல்டிங் ஊசிக்கு நூல் கோக்கும் காது கிடையாது. முனைப் பக்கம் ஓரங்களில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். உள்ளே போகும்போது அவை இழைகளை இழுத்துக்கொண்டு போகும், வெளியே வரும்போது அங்கேயே விட்டுவிடும். செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகும். பசை, நூல் எதுவும் வேண்டாம். பருத்திப் பஞ்சுக்குச் செதில் இல்லாததால் அதில் இது நடக்காது.

எங்க வீட்டு ஆட்டிலேயே கம்பளி எடுக்கலாமா? (நாங்குநேரி)

முடியாதும்மா. நம் பக்கத்துக் கீழக்கரிசல், வேம்பூர் ஆடுகள் கறிக்காக வளர்ப்பவை. அவற்றின் மேலே இருப்பது முடிதான். தமிழ்நாட்டில் நல்ல கம்பளி தருவது நீலகிரி ஆடு. நமக்கு ஆன்லைனில் வாங்குவதே வழி. வாங்கும்போது மெரினோ ஆட்டுக் கம்பளியை மட்டும் வாங்கி ஏமாறாதீர்கள். அது மிக மெல்லிய இழை, இறுக நேரம் பிடிக்கும். உள்ளுக்கு முரட்டுக் கம்பளி, மேலே நிறத்துக்கு மட்டும் மெரினோ போதும்.

இரண்டு நாளில் நாலு ஊசி ஒடிந்துவிட்டது. (வள்ளியூர்)

எனக்கும் முதல் மாதம் இதே கதைதான். ஊசி எந்தச் சாய்வில் உள்ளே போகிறதோ அதே சாய்வில் வெளியே வர வேண்டும். உள்ளே இருக்கும்போது நெம்பினால் ஒடியும். கண்ணை வேலையிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள், விரல் போய்விடும். அடியில் தடித்த ஸ்பாஞ்சு வையுங்கள். ஊசி எண்ணில் 36 தடிப்பு, உருவம் கொண்டுவர. 40 மெல்லியது, கடைசி மெருகுக்கு. பழக 38 ஒன்றே போதும். ஒடிந்த முனை உள்ளே இருந்தால் காந்தம் வைத்துத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பொம்மை பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது.

நம்ம மலைச் சிங்கவால் குரங்கு செய்ய ஆசை. முகம் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. (களக்காடு)

இந்தக் கேள்விக்கு எனக்கு ரொம்ப சந்தோஷம். முகம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் முகத்தில் இருக்காது. தலை இன்னும் இறுகியிருக்காது. கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பந்து போலத் திருப்பித் தள்ள வேண்டும், பள்ளம் விழுந்தால் இன்னும் குத்துங்கள். குத்தக் குத்தச் சுருங்கும், அதனால் நினைத்ததைவிடப் பெரிதாகத் தொடங்குங்கள்.

அப்புறம் கண். நாம் எல்லோரும் கண்ணைப் பெரிதாக, மேலே வைத்துவிடுகிறோம், குரங்கு பாப்பா பொம்மை ஆகிவிடுகிறது. முதலில் இரண்டு குழிகளை ஆழமாகக் குத்துங்கள். குரங்கின் கண் முன்பக்கம் பார்த்து, நெருக்கமாக, புருவ மேட்டுக்குக் கீழே ஒடுங்கி இருக்கும். முகம் கறுப்பு, சுற்றிலும் நரைத்த பிடரி. பிடரிக்கு நீள இழைகளைக் குறுக்கே வைத்து நடுவில் மட்டும் குத்தி, இரு பாதியையும் ஒரே பக்கம் மடித்து, அடியை மறுபடி குத்துங்கள். வரிசை வரிசையாக வைத்து முடித்த பிறகுதான் கத்தரி. வால் நுனிக் குஞ்சத்தை மறக்காதீர்கள், பெயரே அதனால் வந்தது.

துணி யானை தைத்தேன். திருப்பினால் வளைவெல்லாம் சுருங்குகிறது. (சேரன்மகாதேவி)

தையலுக்கு வெளியே அரை சென்டிமீட்டர் விட்டு, வளைவுகளில் தையலைத் தொடாமல் சின்ன வெட்டுகள் கொடுங்கள். கையால் தைத்தால் நெருக்கமான கெட்டித்தையல். பஞ்சைத் துதிக்கை நுனி, கால் நுனியில் இருந்து சிறு சிறு கிள்ளாக அடையுங்கள். மொத்தமாகத் திணித்தால் கட்டி கட்டியாக நிற்கும்.

இலவம்பஞ்சு வைக்கலாமா?

மெத்தைக்கு அருமை. பொம்மையைத் துவைக்க வேண்டுமே, அதற்கு ரெக்ரான் என்கிற பாலியஸ்டர் பஞ்சுதான் சரி.

ஒரு வயதுப் பேத்திக்குக் கொடுக்கலாமா? விற்கவும் யோசனை. (திசையன்விளை)

கம்பளிப் பொம்மை வேண்டாம் அம்மா, வாயில் வைத்தால் இழை பிரியும். துணிப் பொம்மை கொடுங்கள், கண்ணுக்குப் பொத்தானோ மணியோ வைக்காமல் நூலால் தைத்துவிடுங்கள்.

விற்பதற்கு: 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிந்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. எனவே முதலில் அந்தப் பதிவை முடியுங்கள். பிறகு ஆர்டர் எடுங்கள்.