பழைய தொடர்களில் துப்பறியும் படங்களின் சாயலைப் பிடிப்பது எப்படி?

பாளையங்கோட்டையிலிருந்து இதைக் கேட்ட அண்ணாச்சி, முதல்ல பெயர்களைப் பிரிச்சுப் பாருங்க. 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில் 1988-ல் வந்த 'தி பிக் குட்பை' பகுதியில் வில்லன் பெயர் ரெட்பிளாக். 1941-ல் வந்த 'தி மால்டீஸ் ஃபால்கன்' துப்பறியும் படத்தில் பருத்த வில்லனாக நடித்தவர் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட். கிரீனுக்கு (பச்சை) ரெட் (சிவப்பு), ஸ்ட்ரீட்டுக்கு (தெரு) பிளாக் (block, தெருக்களுக்கு நடுவிலுள்ள கட்டடத் தொகுதி). என்ன அழகான வேலை! அந்தப் படத்தில் எல்லாரும் கறுப்புப் பறவைச் சிலைக்கு அலைவாங்க. ஸ்டார் ட்ரெக்கில் தேடுறதுக்குப் பேரே வெறும் 'பொருள்'.

தொப்பி, சிகரெட் புகை, ஜன்னல் பட்டை நிழல் மட்டும் இருந்தால் ஏமாறாதீங்க. அது அந்த வகைப் படங்கள் எல்லாத்துக்கும் பொது. பெயர், தேடும் பொருள், வசனம் இவற்றில் குறைஞ்சது ரெண்டு பொருந்தணும். மொழிமாற்றத்தில் பெயர்ச் சிலேடை போயிரும். மூல ஒலியில கேளுங்க.

கதை அமைப்பைப் பிடித்துப் பழக நம்ம 'அந்த நாள்' (1954) போதும்: கொலை ஒண்ணு, ஆளாளுக்கு ஒரு கதை.