‘ஜிவூ’ என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: என் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்து 20 நாள் ஆகிறது. உத்திராடம். பஞ்சாங்கத்தில் பே, போ, ஜ, ஜி என்று போட்டிருக்கிறது. மருமகளுக்குக் கொரியன் சீரியல் பைத்தியம். ‘ஜி’ என்றதும் ‘ஜிவூ’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டாள். அர்த்தம் கேட்டால், “ஏதோ ஞானம்னு போட்டிருக்கு அத்தை” என்கிறாள். ஏதோ ஞானமா, ஏடாகூடமா என்று எனக்குக் கவலை. இன்னொரு சந்தேகம்: அந்த சீரியல்களில் எல்லாரும் கிம், லீ, பார்க் என்றே இருக்கிறார்களே, எல்லாரும் சொந்தக்காரர்களா?
- ஒரு பாட்டி, கும்பகோணம்

பதில்: பேத்திக்கு என் ஆசிகள். இரண்டாவது சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன் பாட்டி, அது சுவாரசியமான கதை.

கொரியர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். தென் கொரியாவின் 2015 கணக்கெடுப்பில் கிம்கள் மட்டும் 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேல். லீ, பார்க் இரண்டையும் சேர்த்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பேர் இந்த மூன்று பெயருக்குள் அடக்கம். ஆனால் சொந்தமா என்று தெரிய ‘போன்குவான்’ பார்க்க வேண்டும். அதாவது, முதல் மூதாதை எந்த ஊர் என்பது. கிம்ஹே ஊர் கிம் வேறு, கியோங்ஜு ஊர் கிம் வேறு. பெயரும் ஊரும் ஒன்றானால் பங்காளி. நம் கொங்கு நாட்டில் கூட்டம் பார்ப்பதுபோல, முன்பெல்லாம் அங்கேயும் பங்காளிக்குள் பெண் எடுக்க மாட்டார்கள்.

இதைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள் என்பதுதான் கொடுமை. கிம்ஹே கிம்கள் மட்டுமே 40 லட்சத்துக்கு மேல். எங்கோ பிறந்து எங்கோ வளர்ந்த இருவர் காதலித்துவிட்டு, கல்யாணத்தைப் பதியப் போனால் முடியாது. 1997-இல் அரசியல் சாசன நீதிமன்றம் இது சாசனத்துக்கு ஒவ்வாது என்றது. 2005-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது நெருங்கிய உறவுக்குள் மட்டும்தான் தடை.

இத்தனை கிம் எங்கிருந்து வந்தார்கள் என்கிறீர்களா? பழைய காலத்தில் அடிமைகளுக்கும் எளிய குடியானவர்கள் பலருக்கும் குடும்பப் பெயரே கிடையாது. 1894-இல் அடிமை முறையை ஒழித்தார்கள். 1909-இல் எல்லாரையும் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் வந்தது. வைப்பதுதான் வைக்கிறோம், ராஜா பெயராகவே வைப்போமே என்று பலரும் கிம், லீ, பார்க் ஆனார்கள். யார்தான் மாட்டேன் என்பார்கள்?

கிம் என்பதற்குரிய சீன எழுத்துக்குத் தங்கம் என்று பொருள். வானத்திலிருந்து இறங்கிய பொன் முட்டையிலிருந்து வந்த சூரோ என்ற அரசன்தான் கிம்ஹே கிம்களின் மூதாதை என்பது கதை. லீ ஒரு பழமரம், பிளம் வகை. உச்சரிப்பில் தெற்கே ‘இ’, வடக்கே ‘ரி’. பார்க் என்றதும் நமக்குப் பூங்கா நினைவு வரும். அந்த ‘ர்’ ஆங்கிலத்தில் எழுதியபோது நுழைந்தது. அவர்கள் சொல்வது ‘பாக்’. சுரைக்காய்க்கும் அதே சொல். சுரைக்காய் போன்ற முட்டையிலிருந்து பிறந்தவனாம் அந்த வம்சத்தின் முதல் அரசன்.

சூரோவின் ராணி தமிழ்ப்பெண் என்று வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். 13-ஆம் நூற்றாண்டில் ஒரு புத்த பிக்கு தொகுத்த நூலில், ‘ஆயுதா’ என்ற நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்த இளவரசி என்று இருக்கிறது. அது அயோத்தி என்று ஒரு கட்சி, நம் குமரிப் பக்கம் என்று ஒரு கட்சி. அவள் வந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் நூலுக்கும் இடையில் 1,200 வருஷம். நல்ல கதை என்ற அளவில் நான் நிறுத்திக்கொள்கிறேன்.

இனி சொந்தப் பெயர். பெரும்பாலும் இரண்டு அசை. பழைய குடும்பங்களில் அதில் ஒன்று தலைமுறைக்கே பொது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் செய்கிறார்களே, அந்த ஹூண்டாயைத் தொடங்கியவர் சுங் ஜு-யுங். தம்பிகள் இன்-யுங், சே-யுங். மகன்கள் மோங்-கூ, மோங்-ஹுன், மோங்-ஜூன். பேரன்கள் உய்-சுன், கி-சுன். யுங் என்றால் என்றென்றும்; மோங் என்றால் கனவு. ஒரு தலைமுறைக்குப் பொது அசை கடைசியில், அடுத்ததற்கு முதலில், அதற்கடுத்து மறுபடி கடைசியில். பெயரைக் கேட்டதுமே யார் சித்தப்பா, யார் மகன் என்று பிடித்துவிடலாம்.

இப்போது உங்கள் கவலைக்கு வருகிறேன். ‘ஜிவூ’ என்ற ஒலியை மட்டும் வைத்து அர்த்தம் சொல்ல முடியாது. ஒவ்வொரு அசைக்கும் பெற்றோர் ஒரு சீன எழுத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அர்த்தம் அங்கேதான் இருக்கிறது. பெயருக்கென்று அனுமதித்த எழுத்துகளே 8,000-க்கும் மேல். ‘ஜி’ ஞானமாகலாம், மன உறுதியாகலாம், மண்ணாகலாம், மரக்கிளையாகலாம். ‘ஊ’ மழையாகலாம், நட்பாகலாம், தெய்வத் துணையாகலாம். மூடன் என்ற பொருளிலும் ஓர் ‘ஊ’ உண்டு. அதை யாரும் பிள்ளைக்கு வைப்பதில்லை. ஆக, மருமகள் சொன்னது பொய்யில்லை, பாதி.

ஒன்று தெரிந்திருக்கட்டும்: அங்கே ஆண், பெண் இருவருக்கும் இந்தப் பெயர் உண்டு. ரப்பருக்குக் கொரிய மொழியில் ‘ஜிவுகே’ என்று பெயர். அதனால் அங்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஜிவூக்களை ‘ரப்பர்’ என்று கேலி செய்வார்கள். கும்பகோணத்தில் அந்த ஆபத்து இல்லை.

ஒலியிலேயே அர்த்தம் வேண்டுமென்றால் சுத்தக் கொரியச் சொற்களில் பெயர்கள் இருக்கின்றன: ஹனுல் (வானம்), இசுல் (பனித்துளி), நாரே (சிறகு). ஆனால் உங்கள் ‘ஜி’க்கு இவை ஒத்துவராது.

கொரியப் பெயர் என்றாலே கவிதை என்றும் நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் பெண் குழந்தைக்கு ‘மல்ஜா’ என்று வைத்தார்கள். இதுதான் கடைசி என்று பொருள். ‘ஹூனாம்’ என்றால் அடுத்தது ஆண். நம் ஊர் போதும்பொண்ணு, வேண்டாம் எல்லாம் இவர்களுக்கு அக்கா தங்கைகள்தான். கண் படாமலிருக்க நாம் குப்பன், பிச்சை என்று வைத்ததுபோல, அவர்கள் வீட்டுக்குள் பிள்ளையை ‘நாய்ப்பீ’ என்றே கூப்பிட்டதும் உண்டு.

வைக்கலாமா என்றால், தாராளமாக வைக்கலாம். பெற்றவள் ஆசைப்படுகிறாள், நட்சத்திர எழுத்தும் பொருந்துகிறது. ஆனால் கொரியர்கள் செய்வதை நீங்களும் செய்யுங்கள்: மருமகளோடு உட்கார்ந்து எந்த ‘ஜி’, எந்த ‘ஊ’ என்று முடிவு பண்ணுங்கள். எனக்குப் பிடித்தது ஞானமும் மழையும்: ஞானமழை. பிறப்புச் சான்றிதழில் சீன எழுத்துக்கு இடமில்லை என்பதால், நீங்கள் பேத்தியிடம் சொல்லிவைப்பதுதான் அர்த்தம். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் இப்போதே ஒன்றாக முடிவு செய்துவிடுங்கள். பிறகு ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று என்று அலைய வேண்டாம்.

கூப்பிடுவதில் உங்களுக்கு ஒரு சிரமமும் இராது. உயிரொலியில் முடியும் பெயரோடு கொரியாவிலும் ‘யா’ சேர்த்துத்தான் செல்லமாக அழைப்பார்கள். வாசலில் நின்று “ஜிவூயா!” என்று ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.